பழைய காமிராவுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கறவை மாட்டை இன்ஷூர் செய்தால், அதன் காதில் ஒரு தோடு போடுவார்கள். தோட்டில் ஒரு நம்பர் இருக்கும். மாடு இறந்துபோனால் அந்தத் தோட்டைக் காட்ட வேண்டும். தோடு இல்லையா? பணமும் இல்லை!

சேலம், நாமக்கல் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்.

லாரிக்கும் அப்படித்தான். நம்பர் பலகை உண்டு. ஆர்.சி. புத்தகம் உண்டு. லாரி யாருடையது என்று கேட்டால், புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

காமிராவுக்கு என்ன இருக்கிறது?

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நம்பர். அவ்வளவுதான்! அந்த நம்பர் இன்னாருடையது என்று எழுதி வைக்கும் சர்க்கார் ஆபீசு எதுவும் இல்லை. பழைய காமிராவை இன்ஷூர் செய்வதில் உள்ள தொல்லை முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

காமிராவுக்குப் பெயர்போன சேலம்

சேலத்துக்குக் காமிரா புதிது அல்ல. ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. அதன் முதல் படமான "சதி அகல்யா" 1937ல் வெளிவந்தது. தமிழில் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956ல் அங்கிருந்துதான் வந்தது. படப்பிடிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முகப்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது.

இன்று காமிரா கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டது. ஓமலூர், ராசிபுரம், திருச்செங்கோடு, எடப்பாடி என்று எங்கே போனாலும் முகூர்த்த நாளில் காமிராக்காரர் இல்லாத மண்டபம் இல்லை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் சம்பாதித்தால்தான் ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு எரியும்.

புதுக் காமிராவும் லென்சும் வாங்க லட்சம், இரண்டு லட்சம் வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அவ்வளவு பணம் ஏது? நகையை அடகு வைத்து, கைமாற்று வாங்கி, பழைய காமிரா ஒன்றைப் பிடிக்கிறார்கள். அது காணாமல் போனால் காமிரா மட்டும் போகவில்லை. வாங்கிய கடன் நிற்கிறது. அட்வான்ஸ் கொடுத்த கல்யாண வீட்டார் வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவே இன்ஷூரன்ஸ் தேவைதான். ஆனால் கிடைக்குமா? கிடைத்தாலும், நஷ்டம் வந்த நாளில் பணம் வருமா?

லாரிக்கு உள்ள சட்டம்

பழைய லாரி வாங்குகிறவருக்குச் சட்டம் பாதி துணை நிற்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு ஒன்றைச் சொல்கிறது. வண்டி கை மாறினால், அதன் இன்ஷூரன்சும் வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கருதப்படும். 14 நாட்களுக்குள் அவர் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தானாக மாறுவது, லாரி மோதி அடிபட்ட மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கும் ஈடு மட்டுமே. லாரிக்கே ஏற்பட்ட சேதத்துக்கு அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1995ல் தீர்ப்புக் கூறியது. பெயரை மாற்றாமல் விட்டவர்கள் அந்தப் பணத்தை இழந்தார்கள்.

காமிராவுக்கு இந்தப் பாதித் துணையும் கிடையாது. விற்றவர் இன்ஷூர் செய்திருந்தார் என்பதற்காக, வாங்கியவருக்கு அந்தப் பாலிசி வந்து சேராது. கம்பெனி எழுத்து மூலம் சம்மதித்தால்தான் உண்டு. "இன்ஷூரன்சோடு தருகிறேன்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம், கம்பெனியின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள்.

யாருடைய காமிரா?

இன்ஷூரன்சுக்கு முதல் விதி இது: பொருள் போனால் யாருக்கு நஷ்டமோ, அவர்தான் அதை இன்ஷூர் செய்யலாம். அடுத்த வீட்டுக்காரரின் மாட்டை நீங்கள் இன்ஷூர் செய்ய முடியாது அல்லவா?

பழைய காமிரா திருட்டுச் சாமானாக இருந்தால் என்ன ஆகும்? வாங்கியவர் நல்லவராகவே இருக்கட்டும். முழு விலையும் கொடுத்திருக்கட்டும். விற்றவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930-ம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். உண்மைச் சொந்தக்காரர் வந்தால் காமிராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். தெரிந்தே வாங்கியிருந்தால், புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை!

ஆகவே, காமிரா வாங்கும் அன்றைக்கே ஒரு "ஆர்.சி. புத்தகம்" நாமாகவே தயார் செய்துகொள்ள வேண்டியதுதான். பெரிய வேலை அல்ல. ஒரு வெள்ளைத் தாளில் விற்பவர் பெயர், விலாசம், விலை, தேதி எழுத வேண்டும். காமிரா நம்பர், லென்சு நம்பர் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். லென்சை மறந்துவிடுபவர்கள் அதிகம். பல சமயம் காமிராவை விட லென்சுக்குத்தான் விலை கூடுதல்! விற்பவர் கையெழுத்து வேண்டும். அவர் முதலில் வாங்கிய கடை ரசீதின் நகலும் வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்பினால், அது இன்னொரு சாட்சி.

வேறு ஒரு சாட்சியும் உண்டு. பலருக்கு இது தெரியாது. இன்றைய டிஜிட்டல் காமிராக்களில் பல, தாம் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் தம் நம்பரைப் பதித்துவிடுகின்றன. வாங்கிய மறுநாள் எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருந்தால், "இந்தக் காமிரா என் கையில் இருந்தது" என்று அந்தப் படங்களே சொல்லும்.

எந்த விலைக்கு?

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ராசிபுரத்துக்காரர் ஒருவர் பழைய காமிராவை 60 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதே காமிரா புதிதாக வாங்கினால் ஒன்றரை லட்சம். அவர் எவ்வளவுக்கு இன்ஷூர் செய்வார்? "கொடுத்தது 60 ஆயிரம், அதற்கே செய்வோம்" என்பார். நியாயமாகத்தான் படும்.

ஆனால் மின்னணுக் கருவிகளுக்கான பாலிசியில் விதி வேறு. புதிய விலை என்னவோ, அந்தத் தொகைக்கே இன்ஷூர் செய்ய வேண்டும். குறைத்துச் செய்தால், ஈடும் அதே விகிதத்தில் குறையும்.

காமிரா கீழே விழுந்து உடைகிறது. பழுதுபார்க்க 25 ஆயிரம் ரூபாய். அவர் இன்ஷூர் செய்தது ஒன்றரை லட்சத்தில் 60 ஆயிரம். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே 25 ஆயிரத்திலும் ஐந்தில் இரண்டு பங்குதான் வரும். 10 ஆயிரம் ரூபாய்! அதிலும் பாலிசிதாரர் தாமே ஏற்க வேண்டிய முதல் தொகை ஒன்று கழிக்கப்படும்.

சரி, ஒன்றரை லட்சத்துக்கே இன்ஷூர் செய்து பிரீமியம் கட்டினார். காமிரா முழுவதும் போய்விட்டது. ஒன்றரை லட்சம் கிடைக்குமா? கிடைக்காது. அன்றைய தேதியில் அந்தப் பழைய காமிரா என்ன விலை போகுமோ, அதுதான் கிடைக்கும்.

"இது என்ன நியாயம்?" என்று கேட்கத் தோன்றும். கம்பெனியின் பதில் இது: பழுது என்று வந்தால் பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகமே போடுகிறோம், பெரும்பாலும் தேய்மானம் கழிப்பதில்லை, அதற்காகவே புதிய விலைக்குப் பிரீமியம். பதில் அடியோடு தவறு அல்ல. ஆனால் பாலிசி விற்கும்போதே இதை விளக்கிச் சொல்வது எத்தனை பேர்?

சந்தை விலைக்கே இன்ஷூர் செய்யும் வேறு வகைப் பாலிசிகளும் உண்டு. அவற்றில் பிரீமியம் குறையும். பழுது பார்த்தால் தேய்மானம் கழிப்பார்கள். "புதிய விலையா, சந்தை விலையா?" கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். காமிராவின் வயதை மறைக்கவும் கூடாது. பழைய சாமானைப் புதிது என்று எழுதிக் கொடுத்தால், பிறகு கம்பெனி கையை விரிப்பதற்கு அதுவே காரணம் ஆகிவிடும்.

திருட்டிலும் வகை உண்டு!

மண்டபத்தில் சாப்பிடப் போனார். நாற்காலியில் வைத்த காமிராப் பையைக் காணோம். இது திருட்டுதானே? ஆம், போலீசாருக்குத் திருட்டு. ஆனால் கடைக்காரர்கள் எடுக்கும் கொள்ளை பாலிசியில் இதற்குப் பணம் வராது. பூட்டை உடைத்தோ, ஆளைத் தாக்கியோ பொருளை எடுத்திருந்தால்தான் அந்தப் பாலிசி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2004ல் கூறிவிட்டது.

வீட்டுப் பாலிசி? 2021 ஏப்ரல் முதல் உள்ள "பாரத் கிருக ரட்சா" என்ற வீட்டுப் பாலிசி நெருப்பு, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு ஆனது. அப்படி ஒன்று நடந்து 7 நாட்களுக்குள் திருடு போனால் அதற்கும் உண்டு. வெறும் திருட்டுக்கு இல்லை.

ஊர் ஊராக எடுத்துச் செல்லும் காமிராவுக்கு, எங்கே போனாலும் செல்லும் பாலிசிதான் தேவை. அதிலும் ஆள் இல்லாமல் காரில் விட்டுப் போன காமிராவுக்குப் பல கம்பெனிகள் பணம் தருவதில்லை. மழைக் காலத்தில் லென்சில் பூஞ்சை படர்ந்தால், அது நாள்பட்ட கேடு, எதிலும் வராது.

ஆடி மாதத்தில் காமிராவை வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு வாங்கியவன் திருப்பித் தராமல் ஓடிவிட்டால், அது நம்பிக்கை மோசடி. நாமே கொடுத்த பொருள். பல பாலிசிகளில் இதற்கு இடம் இல்லை.

பணம் கேட்கும்போது

காமிரா போனால் முதலில் போலீசு. அன்றைக்கே புகார் எழுதி, நம்பரைக் குறிப்பிட்டு, ரசீது வாங்க வேண்டும். கம்பெனிக்கும் உடனே சொல்ல வேண்டும். வண்டித் திருட்டு வழக்கு ஒன்றில், போலீசில் உடனே புகார் செய்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து ஈட்டை மறுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அது வண்டிக்கு வந்த தீர்ப்பு. அதை நம்பிக் காமிராக்காரர் சும்மா இருந்துவிட முடியாது.

காமிராக்காரருக்கு அதைவிட நேரான உதவி 2024 ஜூனில் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. ஆவணம் இல்லை என்று சொல்லி ஈட்டை மறுக்கக் கூடாது. வேண்டிய ஆவணங்களைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். பழைய சாமான் வாங்கியவருக்கு இது பெரிய ஆயுதம். வெள்ளைத் தாள் ரசீதைப் பாலிசி எடுக்கும்போதே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிவிட்டால், "கடை ரசீது எங்கே?" என்று பிறகு கேட்பது எளிதல்ல.

பிரீமியத்தில் சலுகை உண்டா? 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்சுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. காமிரா போன்ற தொழில் கருவிகளின் இன்ஷூரன்சுக்கு அந்தச் சலுகை வரவில்லை. 18 சதவீதம் கட்டத்தான் வேண்டும். கருவி ஒன்றையே நம்பிப் பிழைப்பவருக்கு அது போனால் மருத்துவச் செலவுக்குச் சமமான அடி என்பதை வரி போடுகிறவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

கம்பெனி பணம் தர மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவரும் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவோடு பாலிசி நகல், போலீசு ரசீது, கம்பெனியின் பதில், அந்த வெள்ளைத் தாள் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.