வயிற்றில் நீர் கட்டிய பிறகே வரும் உதவி: கல்லீரல் நோயும் சட்டமும் தூய்மைப் பணியாளரும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இறந்தவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். அரசு குடும்பம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது; நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. அவை கணக்கில் ஏறிய மரணங்கள். அரசே கடை வைத்து விற்கும் மதுவைப் பல ஆண்டுகள் குடித்து, கல்லீரல் சுருங்கி, இரத்த வாந்தி எடுத்து இறப்பவருக்கு முதல் தகவல் அறிக்கையும் இல்லை, விசாரணை ஆணையமும் இல்லை. ‘குடித்தே செத்தான்’ என்ற சொல்லோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதைப் பேசுவதில் நமக்கே ஒரு தயக்கம் உண்டு. சேரியையும் குடியையும் முடிச்சுப் போடும் சாதிய வசைக்கு நாமே தீனி கொடுத்துவிடுவோமோ என்ற அச்சம் அது, நியாயமான அச்சம்தான். கல்லீரல் சுருக்க நோய்க்குக் குடி மட்டுமே காரணமன்று. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும், உடல் பருமனோடும் நீரிழிவோடும் சேர்ந்துவரும் கொழுப்புக் கல்லீரலும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஆனால் அதே நோய் வசதியுள்ளவரிடம் ‘லிவர் பிரச்சினை’ என்றும், கூலித் தொழிலாளியிடம் ‘குடிகாரனின் விதி’ என்றும் பெயர் பெறுகிறது. நாம் வாய் மூடியிருப்பதால் வசை குறைந்துவிடவில்லை. மருந்து பலன் தரக்கூடிய ஆண்டுகள்தான் வீணாகக் கழிகின்றன.

அப்படிப்பட்ட ஆண்டுகள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதுதான் இந்த நோயில் நாம் முதலில் அறிய வேண்டியது.

இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் செல்கிறது. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அந்த வழி நெருக்கப்படுகிறது. சிரையில் அழுத்தம் ஏறுகிறது. மதகு அடைபட்ட வாய்க்கால் கரையுடைத்துப் பக்கங்களில் பாய்வதைப்போல, இரத்தம் உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய சிரைகளுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. நோய் கண்டறியப்படும்போதே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தப் புடைப்பு இருக்கிறது. அதில் வலி கிடையாது. வெடிக்கும் நாளில்தான் தெரியும். வெடித்துவிட்டால், நல்ல சிகிச்சை கிடைத்தாலும் ஆறில் ஒருவரேனும் ஆறு வாரங்களுக்குள் இறந்துபோகிறார்.

ஆரவாரமில்லாமல் நிகழும் இன்னொரு பாதிப்பும் உண்டு. இரைப்பையின் உட்சவ்வு முழுவதும் வீங்கி, பாம்புத் தோலைப்போல் கட்டம் கட்டமாகச் சிவந்து, இரத்தம் துளித் துளியாகக் கசியும். நோயாளி சோகை பிடித்து வெளிறிப்போவார். படியேறினால் மூச்சு வாங்கும். ‘சத்துக் குறைவு’ என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமான கருநிற மலமும் பொருட்படுத்தப்படாமல் போகும். வயிற்று எரிச்சலுக்குக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்குவார். நாளெல்லாம் குப்பை வண்டி தள்ளிய உடம்பு வலிக்கு டைக்ளோபினாக் போட்டுக்கொள்வார். கல்லீரல் சுருங்கியவருக்கு அந்த வலி மாத்திரை இரத்தக் கசிவைத் தூண்டும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. சீட்டு எழுதும் மருத்துவர்களிலும் எல்லோரும் கேட்டு எழுதுவதில்லை.

நோயின் போக்கைப் பற்றி மருத்துவம் ஒரு தெளிவான கோடு போட்டிருக்கிறது. வயிற்றில் நீர் கட்டாமல், இரத்தம் கக்காமல், நினைவு குழம்பாமல், மஞ்சள் காமாலை வராமல் இருக்கும் வரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் 12 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்கிறார்கள். இவற்றில் ஒன்று வந்துவிட்டால் அந்தக் கணக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போகாமல் பிடித்து நிறுத்த வழிகள் உண்டு. குடியை நிறுத்துவது முதல் வழி. புரோப்ரானலால், கார்வெடிலால் ஆகிய பழைய, மலிவான மாத்திரைகள் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கின்றன. எண்டோஸ்கோபியில் பெரிய புடைப்புகள் தெரிந்தால் ரப்பர் வளையமிட்டுக் கட்டிவிடலாம். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது. அரசு மருத்துவமனையில் அது நடந்தால் செய்தியாகிறது. புரோப்ரானலால் மாத்திரை செய்தியாவதில்லை.

இரத்தம் கக்கிய பிறகு நேரமே உயிர். 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி, அதற்கு முன்பே இரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கிருமி எதிர்ப்பு ஊசியும் என்பது இன்றைய மருத்துவ நெறி. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வட்ட மருத்துவமனை, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி என்று சீட்டு மாற்றி அனுப்புவதிலேயே அந்த 12 மணி நேரம் கரைந்துவிடும். 1996-இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது இதே நிலைமையைத்தான். ரயிலிலிருந்து விழுந்தவரை ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது 21-ஆவது உறுப்பு தரும் உயிர் வாழும் உரிமையின் மீறல் என்றும், பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. இரத்த வாந்தியோடு வருபவருக்கும் இத்தீர்ப்பு பொருந்தும். அவர் குடித்தவரா என்று அத்தீர்ப்பு கேட்கவில்லை.

தூய்மைப் பணியாளர்களுக்கு வருவோம். மலக்குழிக்குள்ளும் அழுகிய குப்பைக்குள்ளும் இறங்கக் குடிக்காமல் முடியாது என்று அவர்கள் சொல்லாத ஊர் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலையையே தடை செய்தது. குழிக்குள் விழுந்து இறந்தால் 2014 தீர்ப்பின்படி 10 லட்சம், 2023 தீர்ப்பின்படி 30 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதே வேலைக்காகக் குடித்து, 15 ஆண்டுகள் கழித்துப் படுக்கையில் இறந்தால் ஒன்றுமில்லை. குப்பையில் கிடக்கும் ஊசி குத்தி ஹெபடைட்டிஸ் பி தொற்றிக் கல்லீரல் கெட்டாலும் பழி குடியின் மேல்தான் விழுகிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்றுக்கு ஆளாகும் தனி ஆபத்துள்ள வேலையில் வரும் தொற்றுநோயைத் தொழில் நோய் என்றது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. நாம் இதைப் பயன்படுத்துவது அரிதாக இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் ஹெபடைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் நடந்திருந்தால் தொற்று எப்போது வந்தது என்று நிறுவலாம். ஒப்பந்ததாரர் அதைச் செய்யாமல் விடுவது சிக்கனத்துக்காக மட்டும்தானா என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இ.எஸ்.ஐ. விதிகளில் உள்ள குறை இதைவிட நுட்பமானது. காப்பீடு பெற்ற தொழிலாளிக்குச் சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், கூலியில் 70 விழுக்காடு. நீண்டகால நோய்களென 34 நோய்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இடம்பெற்ற நோய் வந்தால் 2 ஆண்டுகள் வரை 80 விழுக்காடு கிடைக்கும். கல்லீரல் சுருக்க நோய் அப்பட்டியலில் உண்டு. ஆனால் ‘வயிற்றில் நீர் கட்டுதலுடன்’ என்ற அடைமொழியோடுதான் உண்டு. மருத்துவம் எந்தக் கோட்டைத் தாண்டவிடக் கூடாது என்கிறதோ, அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகே இந்த உதவி கை நீட்டுகிறது. நீர் கட்டாமல் இருமுறை இரத்தம் கக்கி, வளையமிட்டுக்கொண்டு ஓய்வில் இருக்கும் தொழிலாளி இச்சொற்களின்படி பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். கூலி இல்லாததால் அவர் மீண்டும் வண்டி தள்ளப் போவார். அதற்கு மேல் ஒரு நிபந்தனை: 2 ஆண்டுத் தொடர் பணியும், அதற்குள் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். ஒப்பந்த நிறுவனம் மாறும்போதெல்லாம் புதிய காப்பீட்டு எண் போடப்படுபவருக்கு அந்தத் தொடர்ச்சி காகிதத்தில் அறுந்துவிடும்.

‘தானே வரவழைத்துக்கொண்ட நோய்’ என்ற வாதமும் சட்டத்தில் நிற்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது சார்ந்த மனநிலைப் பாதிப்பை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன் 18-ஆவது பிரிவு அரசுச் செலவில் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையென்றால் அம்மாவட்டத்தின் பிற இடத்தில் பெறும் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வேண்டும். தனியார் காப்பீட்டு ஒப்பந்தங்களிலோ மது அடிமைத்தனமும் ‘அதன் விளைவுகளும்’ விலக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2023-24-இல் அதன்வழி அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். உடல்நலத்துக்குக் கேடான மதுவைத் தடுக்க முயல வேண்டும் என்று அரசுக்குச் சொல்லும் 47-ஆவது உறுப்பை நீதிமன்றத்தில் வலியுறுத்திப் பெற முடியாது. ஆனால் விற்றவரே ‘நீ ஏன் குடித்தாய்’ என்று கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடும்போது, அந்த உறுப்பை எடுத்துக்காட்ட நமக்குத் தடையில்லை.

முழு மதுவிலக்கைக் கோருவோர் நம்மிலும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடியும் வரை நோயாளிகள் காத்திருக்க முடியாது. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே பையில் புரோப்ரானலாலும் வரலாம். தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் ஆண்டுக்கொருமுறை தட்டணுக்கள் எண்ணிக்கையும் வயிற்று ஸ்கேனும் எடுத்தால், சத்தமின்றி வளரும் நோயில் பெரும்பகுதி பிடிபடும்.

சட்டம் பயிலும் மாணவர்கள் இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. தம் ஊர்த் தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவரின் இ.எஸ்.ஐ. எண்ணையும் சரிபார்த்து, எண்கள் பிரிந்திருந்தால் ஒன்றிணைக்க விண்ணப்பிக்க வேண்டும். கூலியில் பிடித்த தொகை கட்டப்பட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டும். பட்டியலுக்கு வெளியே உள்ள நிலைகளிலும் சிறப்புச் சூழலில் உதவி வழங்க இ.எஸ்.ஐ. நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே இரத்தம் கக்கியவருக்கு மனு எழுதலாம். மறுத்தால் அந்த மறுப்பாணையைக் கொண்டே ‘நீர் கட்டுதலுடன்’ என்ற சொற்களை உயர்நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அதற்கு மருத்துவமனையின் வெளியேற்றச் சீட்டு கையில் இருக்க வேண்டும். அதில் ‘குடிப்பழக்கம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எண்டோஸ்கோபியில் கண்டதையும் இரத்தம் வந்த தேதியையும் சேர்த்து எழுதித் தரும்படி அங்கேயே கேட்டு வாங்க வேண்டும்.