நூஹ் நபியின் வெள்ளமும் நமது மிம்பர்களும்

2004 டிசம்பர் 26ஆந் திகதி மருதமுனையையும் சாய்ந்தமருதையும் கடல் அள்ளிச் சென்றது. அதன் பின் வந்த வெள்ளிக்கிழமைகளில் சில மிம்பர்களில் நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாறு சொல்லப்பட்டது. பாவம் பெருகியது, வெள்ளம் வந்தது என்பதே அதன் சாரம். நான் அப்போது நியமனம் பெற்றுச் சில காலமேயான ஆசிரியன். தங்கையைப் பறிகொடுத்த மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், எண்ட தங்கச்சியும் நூஹ் நபிட காலத்து ஆக்கள் மாதிரிக் கெட்டவளா?" அவளுக்கு 4 வயது. அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இருபது வருடங்கள் கடந்தும் அந்தப் பிரசங்கம் ஓயவில்லை. எனவே பதிலை எழுத வேண்டியிருக்கிறது.

நூஹ் நபி தம் சமூகத்தாரிடையே 950 ஆண்டுகள் தங்கியிருந்ததாக ஸூரா அன்கபூத் (29:14) கூறுகிறது. அத்தனை கால எச்சரிக்கைக்குப் பின்பே வெள்ளம் வந்தது. தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்பது ஸூரா பனூ இஸ்ராயீல் (17:15) வகுத்த விதி. 4 வயதுப் பிள்ளையை எந்தத் தூதர் எச்சரித்தார்?

ஸூரா ஹூதைப் பாருங்கள். மூழ்கிய மகனுக்காக இறைஞ்சிய நூஹ் நபிக்கு, அறிவில்லாத விடயத்தைக் கேட்க வேண்டாம் என்ற கண்டிப்பே கிடைத்தது (11:46). வஹீ பெற்ற நபிக்கே இந்த எல்லை என்றால், மூழ்கியோரின் மறுமைக் கணக்கைத் தீர்க்கும் அதிகாரம் நம் மௌலவிமார் சிலருக்கு எங்கிருந்து வந்தது? நீரில் மூழ்கி மௌத்தானவர் ஷஹீத் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறதே, அதை ஏன் மறந்தார்கள்?

அதே ஸூராவில் (11:27) நூஹ் நபியைப் பின்பற்றியோரை இழிந்தவர்கள் என ஏளனம் செய்தவர்கள் அச்சமூகத்தின் தலைவர்கள். கரையோரக் குடிசையில் மரித்த மீனவனைப் பாவி என்போர் யாருடைய குரலில் பேசுகிறார்கள்?

வேதத்தில் இல்லாததை வேதத்தின் பெயரால் சொல்லும் இப்பழக்கம் இத்துடன் நிற்கவில்லை. முழு உலகமும் மூழ்கியது என்று அடித்துச் சொல்கிறார்கள். நூஹ் நபி தம் சமூகத்தாருக்கு அனுப்பப்பட்டார் என்றே அல்குர்ஆன் சொல்கிறது. அவரது பிரார்த்தனையில் (71:26) வரும் 'அர்ழ்' என்ற சொல், யூஸுப் நபியின் வரலாற்றில் (12:55) எகிப்து தேசத்தைக் குறிக்கிறது. பண்டைய முபஸ்ஸிர்களில் பலர் உலகளாவிய வெள்ளம் என்றே கருதினர், மறுக்கவில்லை. ஆனால் மௌலானா மௌதூதியும் முஹம்மத் அஸதும் அப்படி இருக்கவேண்டியதில்லை என எழுதியுள்ளனர். இது ஆய்வுக்குரிய கருத்து, ஈமானின் நிபந்தனையல்ல.

அடுத்தது கப்பல் கண்டுபிடிப்பு. துருக்கியில் 1959இல் விமானப் படமொன்றில் தென்பட்ட கப்பல் வடிவ மேட்டைக் காட்டி, குர்ஆன் நிரூபணமாயிற்று என்று ஒளிநாடாக்கள் சுற்றின. அது இயற்கையாக உருவான மேடு என்பதே புவிச்சரிதவியலாளர்களின் முடிவு. அது இருப்பதும் அராரத் மலைப் பக்கம். அராரத் பைபிளின் ஆதியாகமத்தில் வரும் பெயர். அல்குர்ஆன் (11:44) சொல்வது ஜூதி. தம் வேதம் எந்த மலையைச் சொல்கிறது என்று பார்க்காமலே கைதட்டியவர்களை என்னென்பது? மண்மேட்டின் மீது ஈமானைக் கட்டினால் மேடு சரியும் நாளில் இளைஞன் எதைப் பற்றிப் பிடிப்பான்?

மிம்பரில் ஏறுபவர்கள் முதலில் ஸூரா ஹூதை முழுமையாக ஓதி விளங்கட்டும். அந்த மாணவனுக்கு நான் சொல்லத் தவறியது இதுதான்: உன் தங்கை எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவளைக் குற்றவாளியாக்க அல்குர்ஆனில் ஒரு வசனமும் இல்லை.