தெரியாமல் இருப்பதற்கென ஓர் ஏற்பாடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண் மாணவர்கள் சேரும் கிரேக்க எழுத்துச் சங்கங்களுக்கு ஃபிராட்டர்னிட்டி என்றும், பெண்கள் சேருபவற்றுக்கு சொரோரிட்டி என்றும் பெயர். அவற்றின் இன்றைய வடிவம் 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தொடங்கிய காப்பா ஆல்ஃபாவிலிருந்து வருகிறது. பெரிய சங்கங்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் கிளைகள் உண்டு. கிளையை நடத்துபவர்கள் பத்தொன்பது, இருபது வயது மாணவர்கள். அவர்களுக்கு மேலே தேசியத் தலைமையகம் இருக்கிறது. கிளை குடியிருக்கும் வீடு பல ஊர்களில் முன்னாள் மாணவர்கள் அமைத்த தனி நிறுவனத்தின் சொத்து. பல்கலைக்கழகம் அங்கீகாரம் தருகிறது, வேண்டும்போது பறிக்கிறது. ஆக ஒரே வீட்டின் மேல் நான்கு தரப்புக்கு அதிகாரம் உண்டு. அந்த வீட்டில் ஒரு மாணவர் இறந்துபோனால், நான்கு தரப்பும் மற்ற மூன்றைக் கைகாட்டும்.

மாணவர்கள் பலர் இறந்திருப்பது ஹேஸிங் எனப்படும் சேர்க்கைச் சடங்கில். நம் ஊர் ராகிங்கில் கல்லூரிக்கு வரும் எல்லாப் புதியவர்களும் சீனியர்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். ஹேஸிங்கில் அகப்படுபவர் அந்தச் சங்கத்தில் சேர விரும்பித் தானே போய் நிற்பவர். அளவுக்கு மீறிக் குடிக்கவைப்பது, அடிப்பது, தூங்கவிடாமல் வதைப்பது ஆகியவை சேர்க்கைக்கான விலையாக வாங்கப்படுகின்றன. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரே விளக்கம் சொல்லப்படுகிறது. விதிகள் சரியாகவே இருக்கின்றன, தறிகெட்ட சில பிள்ளைகள் அவற்றை மீறிவிட்டார்கள், அவர்களைத் தண்டித்து அந்தக் கிளையை மூடினால் மற்றச் சங்கங்கள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்கிறார்கள். கல்லூரித் தலைவர்களும் முன்னாள் மாணவர்களும் பெற்றோர்களில் பலரும் இதை மனதார நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. இதற்கான விலையை மாணவர்கள் உயிராகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1873-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காப்பா ஆல்ஃபாவில் சேர வந்த மார்ட்டிமர் லெகெட், இரவில் நடந்த சடங்கின்போது இத்தாக்காவின் மலைப்பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் ஹேஸிங்கைத் தடுக்க நாடாளுமன்றம் 1874-இலேயே சட்டம் செய்தது. நியூயார்க் மாநிலம் 1894-இல் தனிச் சட்டம் இயற்றியது. இந்தச் சாவுகளைப் பல்லாண்டாகத் தொகுத்துவரும் பத்திரிகையாளர் ஹேங்க் நூவரின் பட்டியலில், 1959 முதல் 2021 வரை குறைந்தது ஒரு சாவாவது இல்லாத ஆண்டே கிடையாது. பழமையான தனியார் கல்லூரிகளிலும் மாபெரும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இது நடந்திருக்கிறது. வெள்ளையர் சங்கங்களிலும் கறுப்பினத்தவரின் சங்கங்களிலும் நடந்திருக்கிறது. ஆசிய அமெரிக்கர்களின் பை டெல்டா சை சங்கத்தில் 2013 டிசம்பரில் பரூக் கல்லூரி மாணவர் ஒருவர், கண்ணைக் கட்டிக் கனத்த பையை முதுகில் சுமத்தி மோதித் தள்ளும் சடங்கில் அடிபட்டு இறந்தார். தலைமுறைக்குத் தலைமுறை ஆட்கள் முற்றிலும் மாறியும் விளைவு மாறவில்லை என்றால், காரணத்தை ஆட்களின் குணத்தில் தேடுவதில் பயனில்லை.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரியில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பீட்டா தீட்டா பை சங்கத்தின் அந்த வீட்டில் மதுவுக்குத் தடை இருந்தது. பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்ட வீடு. முன்னாள் மாணவர் குழு கண்டிப்பான நடத்தை விதிகளை வகுத்திருந்தது. கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. பெரியவர் ஒருவர் ஆலோசகராக அந்த வீட்டிலேயே குடியிருந்தார். அவர் பல்கலைக்கழக ஊழியரும்கூட. சங்கங்களைச் சீர்படுத்த என்னென்ன வேண்டும் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறதோ அவை அத்தனையும் அங்கே இருந்தன. பிப்ரவரி 2 இரவு, சேர்க்கைச் சடங்கில் 19 வயது டிமோத்தி பியாட்ஸாவுக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுக்கப்பட்டதாக அரசுத் தரப்பு கணக்கிட்டது. நிலவறைப் படிக்கட்டில் அவர் விழுந்தார். தூக்கிக்கொண்டுபோய் சோபாவில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சிய இளைய உறுப்பினர் ஒருவரைத் தள்ளி ஒதுக்கினார்கள். உதவிக்கு அழைப்பு போனது மறுநாள் காலை, ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. பிப்ரவரி 4-இல் அவர் இறந்தார். கேமராக்கள் அந்த இரவு முழுவதையும் பதிவு செய்திருந்தன. அந்த நேரத்தில் அவற்றைப் பார்த்துத் தடுக்கும் கடமையுள்ள ஒரு மனிதர்தான் இல்லை.

அதுவரை அந்தப் பல்கலைக்கழகத்தில் சங்கங்கள் மீதான புகார்களை விசாரித்தது மாணவர்களே நடத்தும் இண்டர்ஃபிராட்டர்னிட்டி கவுன்சில். அதாவது சங்க உறுப்பினர்களே சங்கங்களுக்கு நீதிபதிகள். விருந்துகளைச் சோதிக்க அந்தக் கவுன்சில் தனியார் காவலர்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தது. 2017 டிசம்பரில் வந்த, கிராண்ட் ஜூரி எனும் குடிமக்கள் விசாரணைக் குழுவின் அறிக்கை இந்தத் தன்னாட்சி முறையையும், ஆபத்து தெரிந்தும் வாளாவிருந்த நிர்வாகத்தையும் கடுமையாகக் கண்டித்தது. விசாரணை அதிகாரத்தைப் பல்கலைக்கழகம் மாணவர்களிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது 2017 கோடையில்தான். ஒரு பையன் செத்துப் பல மாதங்கள் ஆன பிறகு.

அதே ஆண்டு செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபை டெல்டா தீட்டா சங்கத்தில் 18 வயது மேக்ஸ் க்ரூவர் இறந்தார். சங்க வரலாறு பற்றிய கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் குடிக்க வேண்டும் என்பது அன்றைய சடங்கு. அவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.495 சதவீதம் இருந்தது. வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 0.08. அந்தச் சங்கம் தன் வீடுகளில் மதுவை 2000-ஆம் ஆண்டே தடைசெய்திருந்தது.

விதிகள் இவ்வளவு இருந்தும் அவை ஏன் யாரையும் காப்பதில்லை என்ற கேள்விக்கு விடை, அவை யாருக்காக எழுதப்பட்டன என்பதில் இருக்கிறது. 1980-களில் நஷ்டஈட்டு வழக்குகள் பெருகின. ஃபிராட்டர்னிட்டிகளுக்குக் காப்பீடு கிடைப்பதே அரிதாயிற்று. 1984-இல் வந்த மத்தியச் சட்டத்தின் நெருக்கடியால் எல்லா மாநிலங்களும் குடிக்கும் வயதை 21 ஆக்கின. கிளை உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் அந்த வயதுக்குக் கீழே இருந்தார்கள். சங்கங்கள் சேர்ந்து 1987-இல் காப்பீட்டுக் கூட்டமைப்பை உருவாக்கிப் பொது விதித்தொகுப்பை வகுத்தன. பீப்பாய் மது கூடாது, பொதுப் பணத்தில் மது வாங்கக் கூடாது, ஹேஸிங் கூடாது என்பன போன்ற விதிகள் அவை. உறுப்பினர் கையெழுத்திடுகிறார். அசம்பாவிதம் நடந்ததும், விதியை மீறினார் என்று காட்டி அந்த உறுப்பினருக்கான காப்பீட்டுப் பாதுகாப்பை மறுக்க முடிகிறது. சங்கம் விலகிக்கொள்ள, வழக்கின் முன் அந்த மாணவரும் அவர் பெற்றோரும் தனியே நிற்கிறார்கள். உயிரைக் காக்கும் கருவியாகச் சொல்லப்படும் விதி, நிறுவனத்தின் சொத்தைக் காக்கும் கருவியாக வேலை செய்கிறது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இதற்குத் துணைபோயிருக்கின்றன. 1980-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் சிக்மா ஃபை எப்சிலான் சடங்கில் ஒரு மாணவர்மேல் அடுப்புச் சுத்தம் செய்யும் காரத் திரவத்தை ஊற்றினார்கள். அவர் உடல் வெந்துபோனது. ஹேஸிங் நடப்பது தெரிந்து அதைத் தடுக்கும் பொறுப்பில் இறங்கிய பல்கலைக்கழகத்துக்குக் கடமை உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் பல கல்லூரி நிர்வாகங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு: நெருங்கிப் பார்த்தால் பொறுப்பு வரும், எனவே எட்டி நிற்போம். 2008-இல் இண்டியானாவின் வாபாஷ் கல்லூரியில் டெல்டா டௌ டெல்டாவில் சேர்ந்த முதலாண்டு மாணவர் மதுவால் இறந்தார். கிளையின் அன்றாட நடவடிக்கை தேசியத் தலைமையகத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, ஆகவே அதற்குப் பொறுப்பில்லை என்று இண்டியானா உச்ச நீதிமன்றம் 2014-இல் முடிவு செய்தது. விதி எழுதலாம், சந்தா வாங்கலாம், பெயரையும் சின்னத்தையும் கொடுக்கலாம். மேற்பார்வை மட்டும் செய்யாதிருந்தால் தப்பிக்கலாம் என்றால், எந்தத் தலைமையகம் மேற்பார்வை செய்ய முன்வரும்?

உள்ளிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதும் நடக்காத காரியம். மேய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிசபெத் ஆலனும் மேரி மேடனும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு 53 கல்லூரிகளின் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கேட்டது. சங்கங்கள், விளையாட்டு அணிகள், இசைக்குழுக்கள் போன்றவற்றில் இருந்தவர்களில் 55 சதவீதத்தினர் ஹேஸிங்கை அனுபவித்திருந்தார்கள். தமக்கு நடந்தது ஹேஸிங்தான் என்று உணர்ந்தவர்களிலும் 95 சதவீதத்தினர் அதைக் கல்லூரியிடம் தெரிவிக்கவில்லை. புகாருக்காகக் காத்திருக்கும் எந்த மேற்பார்வையும் இருபதில் ஒன்றைத்தான் பார்க்கும்.

சொரோரிட்டிகளை எடுத்துக்காட்டித் தன்னாட்சிக்கு வாதாடுவோர் உண்டு. பெரும்பாலான சொரோரிட்டி வீடுகளில் மது அனுமதிக்கப்படுவதில்லை; பலவற்றில் வயதில் மூத்த பெண்மணி ஒருவர் நிர்வாகியாக உடன் வசிக்கிறார். வீட்டுக்குள் இதற்குப் பலன் இருக்கிறது. ஆனால் விருந்து நின்றுவிடவில்லை, ஃபிராட்டர்னிட்டி வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வாசல், மாடியறை, மது எல்லாம் ஆண்களின் பிடியில். பெண்களுக்கு அதனால் வரும் ஆபத்து சொரோரிட்டியின் பதிவேட்டில் ஏறுவதே இல்லை.

பதினெட்டு வயது நிரம்பியவர் தானே விரும்பிச் செய்வதில் பல்கலைக்கழகம் ஏன் தலையிட வேண்டும் என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். சங்கம் சேரும் உரிமை உண்மையில் மதிக்கத்தக்கது. இச்சங்கங்கள் பலருக்கு வாழ்நாள் நட்பைத் தந்திருக்கின்றன என்பதும் மெய். ஆனால் மயக்கத்தில் கிடப்பவருக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. பல வாரம் தூக்கம் கெட்டு, கூட்டத்தின் நடுவே நின்று, மறுத்தால் வெளியே போக வேண்டும் என்று தெரிந்தவர் சொல்லும் சம்மதத்துக்கும் எடை கிடையாது. 2024-இல் வந்த மத்தியச் சட்டம், பாதிக்கப்பட்டவர் விரும்பிப் பங்கேற்றாரா என்பது பொருட்டல்ல என்றே ஹேஸிங்கை வரையறுக்கிறது.

கிளையை மூடும் தண்டனை மட்டும் போதும் என்பதும் பொய்க்கிறது. ஒருவன் செய்ததற்கு வீடே போகும் என்றால், அடிபட்டவனைப் பார்க்கும் ஒவ்வொருவனும் முதலில் வீட்டை நினைக்கிறான், ஆம்புலன்ஸ் பிந்துகிறது. உதவிக்கு அழைத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் ஏற்பாட்டைப் பென்சில்வேனியாவின் 2018 சட்டம் ஏற்றது இதனால்தான். பியாட்ஸாவின் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டம், நடந்த மீறல்களைக் கல்லூரிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. பை டெல்டா சை சடங்கு நடந்ததும் அதே மாநிலத்தில்தான்; அந்த வழக்கில் அது இன்னொரு வழியையும் காட்டியது. தனிநபர்களோடு நிற்காமல் சங்கத்தையே குற்றவாளியாக்கி, 2018-இல் அபராதம் விதித்து, பத்தாண்டுகள் மாநிலத்தில் இயங்கத் தடைவிதித்தது.

2024 டிசம்பர் 23-இல் கையெழுத்தான மத்தியச் சட்டம் நாடு முழுவதும் கல்லூரிகள் ஹேஸிங் எண்ணிக்கையை ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்கிறது. எந்தச் சங்கம் என்ன செய்தது என்று பெயரோடு தனி அறிக்கையும் வெளியிட வேண்டும். மகனையோ மகளையோ சங்கத்தில் சேர்க்கும் முன் பெற்றோர் படிக்கக்கூடிய ஓர் ஆவணம் கடைசியில் கிடைக்கிறது. ஆனால் பெயரோடு வரும் அந்த அறிக்கை, கல்லூரி நிறுவிய அல்லது அங்கீகரித்த சங்கங்களை மட்டுமே தொடுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2004-இல் கை சை என்ற சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் மதுவால் இறந்தார். பல்கலைக்கழகம் கடுமையான ஒப்பந்தத்தை முன்வைத்தபோது, ஃபிராட்டர்னிட்டிகள் 2005-இல் அதில் கையெழுத்திட மறுத்து, அங்கீகாரமே வேண்டாம் என்று வெளியேறி, வளாகத்துக்குப் பக்கத்திலேயே தொடர்ந்து இயங்கின. அவற்றில் சேர்ந்தவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்தான். இப்படி வெளியேறும் கிளையை எட்டக்கூடியவர்கள் வீட்டின் உரிமையாளரும் பெயரை இரவல் கொடுக்கும் தலைமையகமும் மட்டுமே. ஒவ்வொரு வீட்டிலும் சம்பளம் வாங்கும், தலையிடும் அதிகாரமுள்ள, கண்டதை வெளியே தெரிவிக்கக் கடமைப்பட்ட பெரியவர் ஒருவரை இந்த இரு தரப்பும் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2024 சட்டம் விதிக்கவில்லை.