வாபஸான ஆராய்ச்சி

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழத்தோடு காயும் கலந்துவிட்டால் சரக்கின் ருசியே கெட்டுவிடும். விஞ்ஞானத்திற்கும் இது பொருந்தும்.

கிருமிகள் இரும்புச் சத்தை உணரும் விதம் பற்றிப் பெங்களூர் தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தார் 2020 அக்டோபரில் ‘நேச்சர் கெமிக்கல் பயாலஜி’ சஞ்சிகையில் கட்டுரை பிரசுரித்தனர். அதன் படங்களைக் குறித்துச் சந்தேகம் கிளம்பியது. விசாரணையில் அவை மாற்றப்பட்டவை என்று ருசுவாயிற்று. 2021 ஜூனில் கட்டுரை வாபஸாயிற்று. ஒன்பது மாதத்திற்குள் தவறு திருத்தப்பட்டதை நாம் பாராட்டுகிறோம்.

எங்கும் இவ்வாறு நடப்பதில்லை. ஞாபக மறதி நோய் பற்றி அமெரிக்க விஞ்ஞானிகள் 2006-ல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, படங்களின் குற்றத்தால் 2024-ல்தான் வாபஸாயிற்று. இடையே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோளாகக் கொண்டுவிட்டன! எலிசபெத் பிக் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் 20,621 கட்டுரைகளைச் சோதித்து, நூற்றுக்குச் சுமார் நான்கில் படக் கோளாறு இருப்பதாக 2016-ல் அறிவித்தனர்.

நமது நாட்டில் நிலைமை என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் வருஷத்து விதிகள் பிறர் எழுத்தைத் திருடுவதைத் தண்டிக்கின்றன. பொய்ப் படம் புனைவதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன. குற்றச்சாட்டு எழுந்தால், கீர்த்திக்குப் பங்கம் வருமென்று அஞ்சும் அதே ஸ்தாபனம்தான் விசாரிக்கிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவது எந்த நியாயம்? அமெரிக்காவில் 1992 முதல் இத்தகைய விசாரணைகளை மேற்பார்வையிடத் தனி இலாகா இருக்கிறது.

ஆராய்ச்சிக்குச் செலவாவது ஜனங்களின் வரிப்பணம். அதை நம்பி மருந்து தேடுவோர் நோயாளிகள். ஆகவே சுயேச்சையான விசாரணைச் சபை ஒன்றைச் சர்க்கார் சட்டபூர்வமாக அமைக்க வேண்டும். கட்டுரையை வாபஸ் வாங்குவது அவமானமன்று; குற்றத்தை மூடி மறைப்பதே அவமானம்.