குவாண்டம் கணினி: கியூபிட்டுகளை மட்டும் எண்ணினால் போதுமா?

சிங்கப்பூர் 2024 மே மாதம் தேசிய குவாண்டம் உத்தியை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 300 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. முனைவர் பட்டத்துக்கு 100, முதுநிலைப் பட்டத்துக்கு 100 என உபகாரச் சம்பளங்களும் அறிவிக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டை ஐக்கிய நாட்டு நிறுவனம் அனைத்துலகக் குவாண்டம் அறிவியல், தொழில்நுட்ப ஆண்டாகக் கடைப்பிடித்தது. அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு, மின்சுற்றில் குவாண்டம் இயல்பைக் காட்டிய ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்டினிஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது.

இயற்பியல் துணைப்பாடம் நடத்தும் என்னிடம் மாணவர்களும் பெற்றோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “குவாண்டம் படித்தால் எதிர்காலம் உண்டா?” உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால், செய்திகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ‘இத்தனை கியூபிட்டுகள்’ என்ற எண்ணிக்கையைத்தான். அந்த எண்ணிக்கை சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. துகள்கள் தங்கள் கடந்த காலத்தை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை என்பதே அது.

மறந்துவிடும் துகள்கள்

ஆஸ்திரிய அறிவியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மன் 1872இல் ஒரு சமன்பாட்டை எழுதினார். வாயுவில் உள்ள கோடானுகோடி மூலக்கூறுகள் மோதி, சிதறி, இறுதியில் எப்படிச் சமநிலைக்கு வருகின்றன என்பதை அது விளக்கியது. அதன் பின்னால் ஓர் அனுமானம் உண்டு. மோதல் நொடிப்பொழுதில் முடிந்துவிடும். மோதப்போகும் இரு மூலக்கூறுகளுக்கும் முன்பு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ஆகவே, இந்தக் கணத்தின் நிலை தெரிந்தால் அடுத்த கணத்தைக் கணித்துவிடலாம்.

தோபி காட் ரயில் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். நடைமேடையில் இப்போது 200 பேர் நிற்கிறார்கள். வழக்கமான நாளாக இருந்தால், அடுத்த ஐந்து நிமிடங்களில் கூட்டம் எப்படி மாறும் என்பதை இந்த எண்ணை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால், பத்து நிமிடங்களுக்குமுன் வேறொரு தடத்தில் ரயில் தாமதமாகியிருந்தால்? இப்போதைய எண்ணிக்கை மட்டும் போதாது. நடந்த கதையும் தெரிய வேண்டும்.

நினைவு வைத்திருக்கும் துகள்கள்

குவாண்டம் உலகில் இந்தக் ‘கதை’ முக்கியமாகிறது. காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் உள்ள ஒருவகை அணு அதிர்வு ஒருமுறை ஆடி முடிக்க ஏறக்குறைய 115 ஃபெம்டோ வினாடி ஆகும். ஒரு ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியை 100 கோடியாலும், பிறகு 10 லட்சத்தாலும் வகுத்தால் கிடைப்பது. அதைவிடக் குறைந்த நேரமே நீடிக்கும் லேசர் துடிப்புகளைக் கொண்டு 1990களில் ஆய்வாளர்கள் எலக்ட்ரான்களைக் கவனித்தார்கள். எலக்ட்ரானுக்கும் அதிர்வுக்கும் இடையிலான மோதல் அப்போது முடிந்திருக்கவில்லை. இரண்டாவது துடிப்பை அனுப்பி, பாதியில் இருந்த மோதலின் போக்கையே மாற்ற முடிந்தது. மோதல் ஒரு நொடிப்பொழுது நிகழ்வு என்ற பழைய அனுமானம் அங்கே செல்லாது.

இதற்கான கணிதத்தை 1960களில் அமெரிக்காவின் லியோ கடனாஃப், கார்டன் பேம் ஆகியோரும் சோவியத் யூனியனின் லியோனிட் கெல்டிஷும் உருவாக்கினர். அவர்களின் சமன்பாடுகளில் அடுத்த கணத்தைக் கணிக்க, தொடக்கம் முதல் நடந்த அனைத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அதனால் செலவு அதிகம். கணிக்கும் காலத்தை இருமடங்காக்கினால் கணினியின் வேலை எட்டு மடங்காகும். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட ஒரு தோராய முறையில் காலம் இருமடங்கானால் வேலையும் இருமடங்குதான். ஆனால், அதற்குக் கணினியில் சேமித்து வைக்க வேண்டிய தரவு மிக அதிகம். அறிவியலில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

கியூபிட்டுக்கு என்ன தொடர்பு?

கூகல் நிறுவனம் 2024 டிசம்பரில் 105 கியூபிட்டுகள் கொண்ட ‘வில்லோ’ சில்லை அறிமுகம் செய்தது. கியூபிட்டுகளின் கட்டத்தை மூன்றுக்கு மூன்றிலிருந்து ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு எனப் பெரிதாக்கியபோது, ஒவ்வொரு முறையும் பிழை பாதிக்கும் கீழே குறைந்தது. இது பெரிய சாதனைதான். ஆனால், பிழை திருத்தத்தின் எளிய கோட்பாடுகள், பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொள்கின்றன. போல்ட்ஸ்மனின் அனுமானத்துக்கு இது நெருங்கிய உறவு. அதே ஆய்வின் நீண்ட சோதனைகளில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பல பிழைகள் கூட்டமாக வந்தன.

விண்வெளியிலிருந்து வரும் கதிர் ஒன்று சில்லைத் தாக்கினால் பல கியூபிட்டுகள் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும் என்பதை அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்பே காட்டியிருந்தனர். அந்தப் பாதிப்பு ஆயிரக்கணக்கான திருத்தச் சுற்றுகளுக்கு நீடிக்கிறது. அதாவது, சுற்றுப்புறம் நினைவில் வைத்திருக்கிறது. இத்தகைய சூழலில் கியூபிட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் போதாது. அந்த நினைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடத் தெரிந்தவர்களும் வேண்டும்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

நம் உத்தியின் வெற்றியை எத்தனை கியூபிட் கருவி வாங்கினோம் என்பதைவிட, இத்தகைய கணக்கைப் போடக்கூடிய எத்தனை பேரை உருவாக்கினோம் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து. கருவி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். 1872இல் எழுதப்பட்ட சமன்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறோம்.

ஆகவே, பட்டப்படிப்பின் பெயரில் ‘குவாண்டம்’ இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். திறந்தவெளி நாளில் விரிவுரையாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். புள்ளியியல் இயற்பியலை எந்த ஆண்டில் கற்பிக்கிறீர்கள்? வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் பயிற்சி உண்டா? இளநிலை மாணவருக்கு ஆய்வுக் குழுவில் இடம் கிடைக்குமா?

தொடக்கக் கல்லூரியில் இருப்போர் கணிதத்தைக் கைவிடாதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிப்போரும் தயங்க வேண்டாம். கடுங்குளிரில் இயங்கும் இந்தச் சில்லுகளுக்குக் கம்பியிணைப்பும் அளவீடும் செய்யத் திறமையான கைகள் தேவை. இந்தத் துறையில் விடை விரைவில் வராது. பொறுமையாகக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது.