வெடிக்காத தோட்டாவுக்குத்தான் பயப்படணும்

சினிமாவில் துப்பாக்கி எப்பவும் வெடிக்கும். ஊர்ல அப்படி இல்லைங்க.

மலையோரத்துல கடலையும் சோளமும் போடுற எங்களுக்கு ராக்காவல்னா டார்ச், தகர டப்பா, ரெண்டு நாய். உரிமம் உள்ள ஒண்ணு ரெண்டு வீட்டுல ஒத்தக்குழல் பன்னெண்டு போர் துப்பாக்கி இருக்கும். உரிமம் இருக்குங்கிறதுக்காக வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. கூட்டமா வந்து கடலைக்காட்டைக் கிளறுற பன்றியை விரட்ட ஒரு சத்தம் வேணும், அவ்வளவுதான். அந்தச் சத்தமே சில நாள் வராது. விசையை அழுத்தினா குதிரை ‘டக்’னு விழும், தோட்டா சும்மா கிடக்கும்.

உடனே, "வெல கம்மி துப்பாக்கி, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிடுவாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஒத்தக்குழல்ல இருக்கிற பாகமே ஒரு கை விரலுக்குள்ள அடங்கும்: குழல், குதிரை, ஊசி, ஸ்பிரிங், காலித் தோட்டாவை வெளியே தள்ளுற கொக்கி. கெட்டுப்போக அதுல பெருசா ஒண்ணும் இல்லை. நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி கோளாறு தோட்டாவுலயும், அதை வெச்சிருக்கிற இடத்துலயும்தான்.

உரிமத்துல இத்தனை தோட்டான்னு கணக்கு உண்டு. அதனால யாரும் வீணாக்க மாட்டாங்க. வருஷக்கணக்கா சேர்த்து வெப்பாங்க. எங்கே? பரண்ல, உர மூட்டைக்குப் பக்கத்துல. ஐப்பசி ஈரம் போதும். பழைய அட்டைத் தோட்டா ஊதிப்போய் குழலுக்குள்ள நுழையாது. பித்தளை அடி பச்சை பூத்துடும். அடியில இருக்கிற கேப் நமுத்துப் போகும்.

எது குத்தம்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாம். வெடிக்காத தோட்டாவோட கேப்பைப் பாருங்க. பள்ளம் நல்லா ஆழமா நடுவுல விழுந்திருந்தா துப்பாக்கி தன் வேலையைச் செஞ்சிருக்கு, தோட்டாதான் கெட்டது. பள்ளம் லேசா இருந்தா ஊசி முனை தேஞ்சிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லாட்டி பழைய எண்ணெயும் தூசியும் பிசினாகி ஊசியைப் பிடிச்சிருக்கும். எண்ணெய் நிறைய விட்டா நல்லதுன்னு நம்ம ஆளுங்க நினைப்பு. ஊசிக்கு அதுவே எமன்.

சுட்ட காலித் தோட்டா வெளியே வராம மாட்டுறது இன்னொரு தொல்லை. தோட்டா உட்கார்ற இடத்துல துரு இருந்தா மாட்டும். மலிவுத் தோட்டாவோட இரும்பு அடி சூட்டுல விரிஞ்சு பிடிச்சாலும் மாட்டும். பித்தளை பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துணியால எண்ணெயைத் துடைச்சு வெச்சாலே பாதி சரியாகும். நீளமும் பார்க்கணும். பழைய துப்பாக்கி சிலது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செஞ்சது. இப்ப வர்ற 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதுல நுழையும். ஆனா சுடும்போது அதோட மடிப்பு வாய் விரிய இடம் போதாம, உள்ளே அழுத்தம் ஏறிடும்.

இதெல்லாம் தொல்லை மட்டும்தான். ஆபத்து அடுத்த அரை நிமிஷத்துல இருக்கு. வெடிக்கலைன்னதும் நம்ம ஆளு என்ன செய்வான்? குழலை மடக்கித் திறந்து முகத்துக்கு நேரா எட்டிப் பார்ப்பான். நமுத்த தோட்டா சில நேரம் தாமதமா வெடிக்கும். குழலை ஆளில்லாத திசையில நீட்டியபடியே குறைஞ்சது ஒரு நிமிஷம் நிக்கணும். அப்புறம்தான் திறக்கணும். அதைவிட மோசம், ‘பொசுக்’னு அரைகுறைச் சத்தம் வர்றது. உள்ளே அடைப்பு குழல் நடுவுல நின்னுருக்கலாம். அதைப் பார்க்காம அடுத்த தோட்டாவைப் போட்டா குழல் வெடிச்சு இடது கை போயிடும். பன்றி தின்ன கடலை அடுத்த போகத்துல வரும். விரல் வராதுங்க.

2016-ஆம் வருஷ ஆயுத விதிகள் உரிமம் கேட்கிறவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேணும்னு சொல்லுது. நல்லது. ஆனா பயிற்சி சீக்கிரம் முடிஞ்சுடுது. துப்பாக்கி நாப்பது வருஷம் வீட்டுல கிடக்குது. ஊசி தேஞ்சா உரிமம் உள்ள ஆயுதக் கடையிலதான் கொடுக்கணும், அது பல ஊருக்குப் பல மைல் தூரம். அதனால சிலர் ராத்திரியோட ராத்திரியா கொல்லன் பட்டறைக்குப் போறாங்க. அது சட்டப்படி தப்பு; அரம் போட்ட ஊசி கேப்பைக் கிழிச்சு, வெடிப்புகையைச் சுடுறவன் முகத்துலயே அடிக்கவும் செய்யும்.

என் யோசனை சின்னது. தேர்தல் வந்தா ஊர்த் துப்பாக்கியை எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க. வாரக்கணக்கா மூலையில சாத்தி வெச்சு, துருவோட திருப்பித் தர்றாங்க. அத்தனையும் ஒரே இடத்துல இருக்கும்போது ஆயுதப்படைல துப்பாக்கி பழுது பார்க்கிறவர் ஒருத்தர் வந்து ஊசியையும் குழலையும் பார்த்து, ‘இது ஆகும், இது ஆகாது’ன்னு சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். நமுத்த தோட்டாவை வாங்கிக்கிட்டு, அதே எண்ணிக்கைக்குப் புதுசு வாங்க அனுமதி தரட்டும். அப்போ யாரும் பரண்ல சேர்த்து வெக்க மாட்டாங்க.

அதுவரைக்கும் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: தோட்டாவை மூடி இறுகின டப்பாவுல, வாங்கின வருஷம் எழுதி வைங்க. பழசை முதல்ல எடுங்க. பச்சை பூத்ததைத் தொடாதீங்க. ‘டக்’னு மட்டும் கேட்டா, அறுபது வரைக்கும் எண்ணுங்க.