காக்க விரைக, வெட்ட விரையற்க!

கடுங்குளிரில் விரல் உறைந்து கருகும் பனிக்கடி, காரைதீவு வயல்களில் வெயிலிற் காயும் எமக்கு அயலார் துன்பமாகத் தோன்றலாம். அன்று! எம்மவர் பல்லாயிரவர் கனடாவின் குளிரில் உழைக்கின்றனர். இமயத்திற் சுமை தூக்கும் ஷெர்பாவும் எம் உழவனைப் போற் கையை நம்பி வாழ்பவனே. உழைப்பாளிக்கு விரலே முதல்.

1950இல் அன்னபூர்ணாச் சிகரம் ஏறிய பிரெஞ்சுக்காரர் மொரீஸ் எர்சோக் கால்விரல்கள் அனைத்தையும், கைவிரல்களிற் பெரும்பாலானவற்றையும் இழந்தார். மலையிறங்கும் வழியிலேயே வெட்டத் தொடங்கினர். அன்றைய மருத்துவம் அவ்வளவே.

இன்று நாம் அறிவது வேறு. உறைந்த விரலைத் தேய்த்தலும் நெருப்பிற் காட்டுதலும் தீங்கு. மீண்டும் உறையாதென்ற உறுதியிருப்பின், 37 முதல் 39 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் உடனே அமிழ்த்த வேண்டும். குருதிக்குழாயை விரிக்கும் ஐலோபுரொஸ்ட் மருந்தை 72 மணி நேரத்துள் நாளத்தில் ஏற்றத் தொடங்கினால் பல விரல்கள் பிழைக்கும். கத்திக்கு மட்டும் அவசரம் ஆகாது. கிருமி பரவாதவரை, இறந்த தசை எதுவெனத் தெளியப் பல வாரங்கள் காத்திருத்தலே அறிவு.

அமெரிக்க அரசு இம்மருந்தை இந்நோய்க்கென அங்கீகரித்தது 2024இல். மலையேறும் செல்வனுக்குக் கிட்டும் மருந்து, அவன் மூட்டையைச் சுமப்பவனுக்கு எட்டாதெனில் அது நீதியாகுமா? மலையடிவார மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இம்மருந்து இருத்தல் வேண்டும். அரசுகளிடம் நாம் கேட்பது தருமமன்று, உழைப்பவனின் உரிமை!